ஊறுகாய் பாட்டில்

முதலில் ஸ்கெட்ச் பேனா என்றுதான் நினைத்தேன்.
ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை.
சோப்பு போட்டேன்.
"கூசுதும்மா" என்று காலை இழுத்துக்கொண்டாள் இதழினி.
கணுக்காலில், சாக்ஸ் இறுக்கிய இடத்தில்,
கேழ்வரகு சிந்தினாற்போல்
பொடிப்பொடியாய்ச் சிவப்பு.
முழங்காலுக்கு மேலே ஒன்று மட்டும்
நாவற்பழக் கறை.
டப்போவில் ஏது நாவல் மரம்?

வேர்க்குரு இல்லை. ஜூலை மாதம்,
வெளியே புல்லெல்லாம் உறைபனி.
அம்மை என்றால் தடவும்போது விரலுக்குத் தெரியும்.
இவை தோலுக்கு அடியில்,
கண்ணுக்கு மட்டும்.

இரவு பத்தே கால். வேல்ராஜ் லாரியோடு
புரோக்கன் ஹில் சாலையில்
சிக்னல் இல்லாத ஏதோ ஒரு மைலில்.
உதவி எண்ணில் ஒரு நர்ஸ் கேட்டாள்:
காய்ச்சல் உண்டா? இல்லை.
கழுத்தை மடக்குகிறாளா? மடக்குகிறாள்.
"சரி, ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்துங்கள்.
மறைகிறதா பாருங்கள்."

கண்ணாடி டம்ளர்.
அலமாரியைத் திறந்தால்
பன்னிரண்டு எவர்சில்வர்,
அம்மா வீட்டுச் சீர், பெயர் வெட்டியவை,
என் முகத்தைப் பன்னிரண்டு கோணலாய்க் காட்டின.
எதன் வழியாகவும் எதையும் பார்க்க முடியாத வீடு இது
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"லைனில் இருக்கிறீர்களா?"
இருக்கிறேன். இருக்கிறேன்.

பாதி எலுமிச்சை ஊறுகாயைக் கிண்ணத்தில் கவிழ்த்து,
பாட்டிலைக் கழுவி,
பெருங்காய வாசம் போகாத அடிப்பக்கத்தை
அவள் காலில் வைத்து அழுத்தினேன்.
தோல் வெளுத்தது.
புள்ளிகள் வெளுக்கவில்லை.
கண்ணாடிக்குள் கொஞ்சம் பெரிதாகி
என்னைப் பார்த்தன.

"மறையல" என்றேன், தமிழில்.
அவளுக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு டெரியின் யூட்டில் போனோம்.
அவர் நாய் வழியெல்லாம்
என் கையில் ஊறுகாயை மோந்துகொண்டே வந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டர்
நாவற்பழக் கறையை அளந்துவிட்டுக் கேட்டாள்,
வீட்டில் யார் யார், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்.
மரியாதையாகத்தான் கேட்டாள். மூன்று விதமாய்.
தோசையைத் துப்பினாள் என்று போன மாதம்
தொடையில் கிள்ளியது ஞாபகம் வந்தது.
எந்தத் தொடை?
சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

விடியற்காலை ரத்தத்தின் கணக்கு வந்தது.
ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணு
ஒன்பதாயிரம்.
மூன்று வாரத்துக்கு முன் வந்த சளி எப்போதோ போய்விட்டது;
அதை விரட்டக் கிளம்பிய காவல் மட்டும் வீடு திரும்பாமல்
சொந்த ஆட்களையே திருடன் திருடன் என்று
பிடித்துக்கொண்டிருக்கிறதாம்.
கிள்ளியதைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை.
நான் மட்டும் பேசினேன், உள்ளுக்குள்.

"மருந்து?"
"காத்திருப்பதுதான். பெரும்பாலும் தானாகவே சரியாகும்."
மூக்கில் ரத்தம் நிற்காவிட்டால் உடனே வரவேண்டும்,
அப்போது ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் டிரிப்.
இப்யூபுரோஃபென் கூடாது. டிராம்போலின் கூடாது.
ஒரு டானிக்காவது எழுதித் தரக்கூடாதா?
கையில் பிடிக்க ஒன்றும் இல்லாமல்
வீட்டுக்கு வந்தோம்.

பதினாலாயிரம். பதினோராயிரம்.
மறு வாரம் முப்பத்திரண்டு.
வேல்ராஜ் ஒவ்வொரு எண்ணையும்
பெட்ரோல் பங்க்கில் நின்று கேட்டுக்கொண்டான்.
டிராம்போலின் மேல் இலைகள் குதித்தன.
பழைய புள்ளிகள் செம்பழுப்பாகி, மஞ்சளாகி,
ஒருநாள் எங்கே இருந்தன என்று
காட்ட முடியாமல் போயின.

கேமார்ட்டில் ஆறு கண்ணாடி டம்ளர் வாங்கினேன்.
இப்போது ஐந்து.
உடைந்த சில்லை அவள்தான் எடுத்தாள், நான் கத்துவதற்குள்.
விரல் நுனியில் ஒரு துளி திரண்டது,
குன்றிமணி அளவு.
துடைக்காமல் பார்த்துக்கொண்டே எண்ணினேன்.
எழுபது, எழுபத்தொன்று.
"அம்மா, எதை எண்றே?"

நின்றிருந்தது.